இரண்டு முறை தட்டினேன்

'டங்' என்று ஒரு சத்தம், 'தொம்' என்று ஒரு சத்தம். என் சின்ன வயது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தது. சேலையூர் கேம்ப் ரோட்டில் இருந்த அப்பாவின் கடைக்கு எந்தக் கார் வந்து நின்றாலும், வண்டிக்காரரிடம் வணக்கம்கூடச் சொல்லாமல், விரல்களை மடக்கி முட்டியால் அதன் கதவை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பார். வெறும் தகரமாக இருந்தால் 'டங்' என்று கேட்கும். கதவைக் கழற்றி உள்ளே தார் ஷீட் ஒட்டி, பஞ்சு வைத்து, ஓரத்தில் ரப்பர் 'பீடிங்' பட்டை ஓட்டி, சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது அதே இடத்தில் தட்டினால், அரிசி மூட்டையைத் தட்டினாற்போல 'தொம்' என்று கேட்கும். "டங்குன்னா தகரம், தொம்முன்னா வண்டி" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் பெருமை இருக்கிறதே, அதை நான் வேறு எதற்கும் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

சீட் கவர், தரை மேட், கண்ணாடிக்குக் கறுப்புப் படம் என்று எல்லாம் போடுகிற கடைதான். ஆனால் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும் அப்பாவை 'சத்தம் அடைக்கிற ராஜண்ணா' என்றால்தான் தெரியும். ஞானராஜ் என்ற முழுப் பெயர் சர்ச் ரிஜிஸ்டரில் மட்டும் இருந்தது. பழைய கார்களைப் போல ஓட்டை உடைசல் வேறு எதுவும் கிடையாது என்பார். தகரம் எவ்வளவு அகலமாக, தட்டையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது பறை மாதிரி அதிரும். அதனால்தான் கம்பெனிக்காரன் தரையிலும் கூரையிலும் வரிவரியாக மடிப்பு போட்டு அனுப்புகிறான், காசு மிச்சம் பிடிக்கிறவன் மடிப்போடு நிறுத்திக்கொள்கிறான், மிச்சத்தை நாம் ஒட்ட வேண்டியிருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு வகுப்பே எடுப்பார். சத்தம் இரண்டு வழியில் வருமாம். காற்று வழியாக வருவது ஒன்று, அதைச் சந்துபொந்தை அடைத்தால் நிறுத்திவிடலாம். "இன்னொண்ணு உடம்பு வழியா வர்றது சார். சக்கரத்துலேர்ந்து ஸ்பிரிங்குக்கு ஏறி, ஸ்பிரிங்குலேர்ந்து தரைக்கு ஏறி, சீட்டு வழியா உங்க முதுகுக்கே வந்துடும். அதுதான் பொல்லாதது. அதுக்கு வெயிட்டு வேணும்." வெயிட்டு என்றால் அந்தக் கறுப்புத் தார் ஷீட். சூடு காட்டி, உருளை வைத்து அழுத்தி ஒட்டும்போது புதுசாய் ரோடு போடுகிற வாசனை வரும். எங்கள் வீட்டுத் தலையணை உறை வரைக்கும் அந்த வாசனைதான்.

கடையில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. அதற்கு அப்பா வைத்த பெயர் 'காது வைக்கிறது'. எங்கோ கடகடவென்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால், பின் சீட்டைக் கழற்றிவிட்டு, கோணி விரித்து, என்னைத் தரையில் படுக்க வைத்து, ஏரிக்கரை ரோட்டில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டுவார். ஓடுகிற வண்டியில் கத்திப் பேசினால் சத்தத்தோடு சத்தம் கலந்துவிடும் அல்லவா, அதனால் பேச்சு கிடையாது, தட்டு மட்டும்தான். ஒரு தட்டு தட்டினால் 'கேட்கிறது' என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால் 'இல்லை, போய்விட்டது'. பெரியவர்களுக்கு இந்தக் காது கிடையாது, பதினைந்து வயதுக்கு மேல் போனால் காதுக்குள் ஊர்க் கதை நிறைந்துவிடும் என்று அப்பா சொல்வதை நான் அப்படியே நம்பினேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "படிக்கிற பொண்ண டிக்கி பக்கத்துல உருட்டிப் போட்டு ஓட்டிக்கிட்டுப் போறாரே, யாராவது பார்த்தா போலீஸுக்குப் போன் பண்ணப் போறாங்க" என்பாள். அம்மா ஸ்கூல் டீச்சர், எஸ்தர் டீச்சர். அவளுக்கு எதையும் போலீஸ், டாக்டர், ஆண்டவர் இந்த மூன்று பேரில் ஒருவரிடம் கொண்டுபோனால்தான் திருப்தி.

நான் சொல்லப்போவது எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது வந்த மழைக்காலத்தைப் பற்றி. அந்த வருஷம் அம்மா உண்டாகியிருந்தாள். எனக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அதனால் மூன்றாவதை வீட்டில் யாரும் வாயைத் திறந்து பேசுவதுகூட இல்லை. 'குட்டி' என்று மட்டும் சொல்வோம். டாக்டரம்மா, அதிர்வு ஆகவே ஆகாது, மாடிப்படி ஏறக்கூடாது, ஸ்கூலுக்கு லீவு போட்டுவிடுங்கள் என்று கறாராகச் சொல்லிவிட்டார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை செக்கப்புக்கு மட்டும் மேடவாக்கம் தாண்டிப் போய்வர வேண்டும். போக வர ரோடோ, அதைக் கேட்காதீர்கள். மழைநீர்க் கால்வாய்க்கென்று தோண்டிப் போட்டுவிட்டு, தோண்டினவன் எந்த ஊருக்குப் போனானோ தெரியாது. சர்ச்சில் ஒரு ஆன்ட்டி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "முட்டையை முந்தானையில கட்டிக்கிட்டு நடக்குற மாதிரி நடக்கணும் எஸ்தரு" என்று சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அப்பா அந்த முட்டைக்குக் கூடு கட்ட ஆரம்பித்தார். எங்களிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது, இரண்டாம் கை. என்ன வண்டி என்று பெயர் சொல்லமாட்டேன், வண்டி மேல் ஒரு குற்றமும் கிடையாது. கடைக்கு வருகிறவர்களை அதில் ஏற்றி ஒரு ரவுண்டு காட்டித்தான் அப்பா ஆர்டர் பிடிப்பார். அதனால் அது ஏற்கெனவே ஊரிலேயே சத்தமில்லாத கார். இப்போது அதைக் குலுங்காத காராகவும் ஆக்கினார். பட்டையான டயரைக் கழற்றிவிட்டு, பக்கச்சுவர் உயரமான, தடித்த டயர் போட்டார். காற்றை இரண்டு பாயின்ட் குறைத்தார். பின் சீட்டின் இடது பக்கம், அம்மா உட்காரும் இடத்தில், நுரை ரப்பரை மூன்று விதக் கெட்டியில் அடுக்கி, தானே உட்கார்ந்து எழுந்து, என்னை உட்காரவைத்து, மறுபடி பிரித்து மறுபடி அடுக்கினார். "ரொம்ப மெத்துன்னு இருந்தா வண்டி படகு மாதிரி ஆடி வாந்தி வரும், ரொம்பக் கெட்டியா இருந்தா இடுப்புல இடிக்கும், நடுவுல ஒரு இடம் இருக்கும்மா, அதைப் பிடிக்கணும்" என்றார். பிடித்துவிட்டார். அந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டு ராஜகீழ்ப்பாக்கம் பள்ளங்களைத் தாண்டினால், பள்ளம் கண்ணுக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது. அம்மாவே ஒரு நாள் சிரித்துவிட்டாள்.

ஆனால் இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குச் சிரிப்பு எத்தனை நாள் நிற்கும்? சின்னச் சத்தம் வந்தாலும் அம்மாவுக்கு நெஞ்சு படபடக்கும். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் கதவுக் கீலில் 'கீச்' என்று கேட்டதற்கு, "இந்த வண்டியில ஏதோ சரியில்லைங்க, எனக்கு மனசு ஒப்பலை" என்று இறங்கி, அப்பா கெஞ்சக் கெஞ்ச ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். ஆட்டோவில் ஏது நுரை ரப்பர்? வீட்டுக்கு வந்து படுத்தவளுக்கு லேசாக ரத்தம் பட்டது. அன்று டாக்டரம்மா அப்பாவைத் திட்டிய திட்டு வராந்தா முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அப்பாவுக்கு ஒரே எண்ணம்தான். அம்மா அந்தக் காரில்தான் போக வேண்டும், அதற்கு அந்தக் காரில் அம்மாவின் காதுக்கு எதுவும் கேட்கக்கூடாது.

ஐப்பசி மழை அடித்த அடியில் எங்கள் தெருவில் இரண்டு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது. வெள்ளைக் கார் பாதிச் சக்கரம் வரை அதில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் அப்பா தரை மேட்களையெல்லாம் உருவி மொட்டை மாடியில் காயப்போட்டார், ஊறிப்போன பஞ்சைத் தூக்கிப் போட்டுப் புதுசு வைத்தார், உள்ளே ஊதுபத்திகூடக் கொளுத்தினார். சத்தம் வரும் இடம், நாற்றம் வரும் இடம் எல்லாம் பார்த்தார். சக்கரத்தின் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல், கிரீஸில் முங்கிக் கிடக்கும் பேரிங் குண்டுகளுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

டிசம்பர் முதல் வாரம். வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கவிட்டாயிற்று. ஒரு வியாழக்கிழமை அப்பா என்னை ஸ்கூலிலிருந்து அழைத்து வரும்போது பின் சீட்டில் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். புதுசாகத் தார் போட்ட ஒரு துண்டு ரோடு வந்தது. புது ரோட்டில் டயர் சத்தம் அடங்கும், இது எனக்கு நன்றாகத் தெரியும். அடங்கியது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று அடங்காமல் இருந்தது. 'ஊ...ம்' என்று, தூரத்தில் ஒரு நாய் வாயைத் திறக்காமல் ஊளையிடுவது போல. வேகம் கூடினால் கூடியது, குறைந்தால் குறைந்தது.

"அப்பா, கீழே ஏதோ அழுவுதுப்பா" என்றேன்.

ரோடு காலியாக இருந்தது. அப்பா கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை அதன் போக்கில் ஓடவிட்டார். அப்புறம் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வலது பக்கம், கொஞ்சம் இடது பக்கம் என்று ஆட்டினார். வண்டி தொட்டில்போல அசைந்தது. வலது பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த ஊளை பெரிதானது. எனக்காக விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு கைகொட்டிச் சிரித்தேன். "புது டயரும்மா. தேயற வரைக்கும் இப்படித்தான் பாடும்" என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் டில்லி அண்ணனின் ஷெட் முன்னால் வண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தினார். ஷட்டர் இறங்கியிருந்தது. மகளுக்குக் காது குத்தச் செய்யாறு பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார் டில்லி. 'திங்கள் முதல் கடை உண்டு' என்று சாக்பீஸில் எழுதியிருந்ததை நான் சத்தமாகப் படித்தேன்.

ஊரில் டில்லியை விட்டால் மெக்கானிக்கே இல்லையா என்று கேட்பீர்கள். தடுக்கி விழுந்தால் மெக்கானிக்தான். ஆனால் அப்பாவின் வண்டியில் டில்லியைத் தவிர வேறு யாரும் ஸ்பானர் வைக்கக்கூடாது. முன்பு ஒருவன் பிரேக் பார்க்கிறேன் பேர்வழி என்று அப்பா பாடுபட்டு ஒட்டிய ஷீட்டைக் கிழித்து, கோணல்மாணலாகத் திருப்பி ஒட்டி அனுப்பியிருந்தான். அன்றிலிருந்து அது சட்டம். டில்லியோ அப்பாவைக் கிண்டல் பண்ணாமல் ஒரு நாளும் விடமாட்டார். "இன்னாண்ணா, எந்த வண்டி வாய்க்கு பிளாஸ்திரி ஒட்டிக்கினு கீற? அது எதுனா சொல்ல வந்திருக்கும், பாவம்" என்பார். அப்பாவும், "நீ ரிப்பேர் பண்ற, நான் நிம்மதி குடுக்கறேன், போடா" என்பார். இரண்டு பேரும் ஒரே டீயைப் பாதிப் பாதியாகக் குடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் மருந்துக்கடைக்கு அம்மாவும் காரில் வந்தாள். திரும்பி வரும்போது, "என்னங்க, பின்னால ஏதோ முனகுதே" என்றாள். டயர் என்றார் அப்பா. அம்மா முந்தானையை வயிற்றைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். "நாளைக்குச் செக்கப்புக்கு நான் ஆட்டோவுலயே போயிடறேன்" என்று அமைதியாகச் சொன்னாள். அவள் அமைதியாகச் சொன்னால் முடிந்தது, அப்புறம் ஆண்டவரே வந்தாலும் மாற்ற முடியாது.

அன்று மத்தியானமே கடையைப் பூட்டிவிட்டு ஷீட்டும் உருளையுமாக அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். பின் சீட்டை எடுத்தார். இடது சக்கரத்தின் மேல் கவிழ்த்த சட்டிபோல் இருக்கும் தகரத்தில் ஏற்கெனவே இரண்டு அடுக்கு ஷீட் இருந்தது. அதன் மேல் மூன்றாவது, அதன் மேல் நான்காவது. மேலே பஞ்சு. பஞ்சின் மேல் மேட். சூடு காட்டும் மெஷின் கட்டை விரலில் பட்டுக் கொப்புளம் வந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. சாதாரணமாக வேலை செய்யும்போது பாட்டு முணுமுணுப்பவர், அன்று பல்லைக் கடித்துக்கொண்டு உருளையை அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ பயமாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

நாலரை மணிக்கு, "காது வைம்மா" என்றார். கோணியில் படுத்தேன். ஏரிக்கரை வரை போய்த் திரும்பினோம். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. அப்பா ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் கன்னத்தைத் தரையில் அழுத்தினேன். கன்னத்து எலும்பில் அது இருந்தது. 'ஊ...ம்.' முன்பைவிட ஆழத்தில், பொறுமையாக.

வீட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு, ஸ்டாருக்குக் கீழே, மறு கையை வயிற்றில் வைத்தபடி நின்றிருந்தாள். ஜன்னல் பக்கம் குனிந்து, "ஜெபா, நீ சொல்லு. சத்தம் போயிடுச்சா?" என்றாள். அப்பாவை அவள் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிந்தது. கேட்கிறது என்று சொன்னால் அம்மா நாளைக்கு ஆட்டோவில் போவாள். ஆட்டோவில் போனால் ரத்தம். எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். வாயால் சொன்னால்தான் பொய், தட்டினால் பாதிப் பொய்தான் என்று நினைத்தேனோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை. விரலை மடக்கித் தரையில் ஒரு தட்டு தட்டினேன். ஒரு தட்டோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னொரு தட்டும் தட்டினேன்.

"அப்பாடா, ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினோம். வெயில் நன்றாக அடித்தது. அம்மா தன் இடத்தில், நான் அவள் பக்கத்தில். கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டிருந்தார் அப்பா. வெளியே லாரியும் பஸ்ஸும் வாயை மட்டும் திறந்து மூடுவது போலப் போயின. செம்பாக்கம் தாண்டும்போது அம்மா, "குட்டி முழிச்சிட்டான் போலிருக்கு, கேளு" என்று என் தலையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். நான் காது வைத்தேன். குட்டி உதைப்பது கேட்கும் என்று காத்திருந்தேன். அம்மாவின் வயிற்றுக்குள் அந்த ஊளைதான் கேட்டது. சக்கரத்திலிருந்து ஸ்பிரிங்குக்கு ஏறி, தரைக்கு ஏறி, நான்கு அடுக்கையும் மூன்று வித நுரை ரப்பரையும் தாண்டி, அம்மாவின் உடம்புக்குள் அது போயிருந்தது. இப்போது அது ஊளையும் இல்லை, கல்லும் கல்லும் உரசுவது போல ஒரு நறநறப்பு.

"கேக்குதாடி?" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

"ம்" என்றேன். அப்பாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன், கூப்பிட்டேனா என்று தெரியவில்லை. பின்னால் இடது சக்கரம் பிடித்துக்கொண்டது. வண்டி அப்படியே திரும்பி, பக்கவாட்டில் வழுக்கி, பாதி கட்டி நிறுத்தியிருந்த கால்வாய்ச் சுவரில் அம்மா உட்கார்ந்திருந்த பக்கமாகப் போய் இடித்தது. இவ்வளவு பெரிய இடி, உள்ளே கேட்டது எப்படித் தெரியுமா? 'தொம்' என்று. அப்பா ஆசைப்பட்ட மாதிரியே. ரோட்டில் போனவர்கள் எல்லாம் திடுக்கிட்டுத் திரும்பினார்களாம், உள்ளே இருந்த எங்களுக்கு அரிசி மூட்டை விழுந்த சத்தம்தான்.

எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. அப்பாவுக்கு நெற்றியில் நாலு தையல். அம்மா பிழைத்துக்கொண்டாள். குட்டி பிழைக்கவில்லை. பையன். ஒரு மாதம் பொறுத்திருந்தால் தானாகவே வந்திருப்பான். துணியில் சுற்றி அப்பாவின் கையில் கொடுத்தபோது, அவர் அவனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நடக்கவே பயந்தவர்போல, துளியும் அசையாமல் அந்த வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை டில்லி வந்தார். இழுத்துவந்து போட்டிருந்த வண்டியில் அந்தச் சக்கரத்தைக் கழற்றி, நடுவிலிருந்ததை எடுத்துக் காட்டினார். குண்டுகள் நீலம் பாரித்து, பாதி உடைந்து, துருவும் சேறுமாக இருந்தன. "இது நேத்து இன்னைக்குப் போனதில்லண்ணா, ஒரு மாசமா கத்திக்கினு இருந்திருக்கும்" என்றார். கிண்டல் எல்லாம் போய் அவர் குரல் உடைந்திருந்தது. "அம்மாங் கத்து கத்தியிருக்கும். வூட்ல ஒருத்தருக்குமா கேக்கல?" அப்பா தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் அவர் தரையைப் பார்க்கிறார் என்று அன்றைக்கு நம்பினேன். இருபது வருஷத்துக்கு மேல் அதையே நம்பினேன்.

அந்த வாரமே அப்பா உளி வைத்து அந்த வண்டியிலிருந்த ஷீட்டையெல்லாம் சுரண்டி எடுத்தார். சுரண்டிய பிறகு கதவைத் தட்டிப் பார்த்தார், 'டங்' என்றது. பழைய இரும்புக்காரனுக்கு வண்டியைக் கொடுத்தார். கடையில் அதற்குப் பிறகு சீட் கவரும் மேட்டும் மட்டும்தான். யாராவது சத்தம் அடைக்கவேண்டும் என்று வந்தால், "முதல்ல டில்லிகிட்டக் காட்டிட்டு வாங்க சார்" என்பார். வியாபாரம் விழுந்துவிட்டது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. என் காதையும் யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அம்மா எந்த வண்டியில் ஏறினாலும் ஜன்னலை இறக்கிவிட்டுத்தான் உட்காருவாள், மழை பெய்தாலும், புழுதி அடித்தாலும். நான் ராத்திரி கண்ணை மூடினால் என் விரல் முட்டியில் இரண்டாவது தட்டு இருந்துகொண்டே இருக்கும். தட்டின இடம் வலிக்கும் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இப்போது நான் கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஆபீஸில் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு பேட்டரிக் கார் வாங்கினேன். இன்ஜினே இல்லாததால் மற்றச் சின்னச் சத்தமெல்லாம் பெரிதாகக் கேட்குமாம், அதனால் கண்ணாடியை இரண்டு அடுக்காக வைத்து, டயருக்குள்ளேயே பஞ்சு ஒட்டி, என்னென்னவோ செய்திருக்கிறார்கள். "உள்ளே லைப்ரரி மாதிரி இருக்கும் மேடம்" என்றான் விற்ற பையன். ரோட்டில் நடக்கிறவர்களுக்கு வண்டி வருவது தெரியவேண்டுமே என்று, மெதுவாகப் போகும்போது வெளியே மட்டும் ஒரு பொய்ச் சத்தம் வரும்படி வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவையும் அம்மாவையும் சர்ச்சுக்கு அழைத்துப்போகச் சேலையூர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மா உள்ளே பைபிளைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பா முதலில் வந்தார். எழுபதைத் தொட்டுவிட்டார். விரலை மடக்கிக் கதவைத் தட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு காரைத் தட்டி நான் பார்க்கவில்லை. 'தொம்.' முன் சீட்டில் ஏறி, கதவைச் சாத்தினார். தெரு அடங்கிப்போனது. பால்காரரின் ஹார்ன், எதிர்வீட்டு மிக்ஸி, எதுவும் இல்லை. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"நல்லா அடைச்சிருக்கான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏதாவது கேக்குதா உனக்கு?" என்றார்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. "அன்னைக்குக் கேட்டுதுப்பா" என்றேன். "ரெண்டு தட்டு தட்டினேன் பாருங்க, அன்னைக்கு. எனக்குக் கேட்டுது." இவ்வளவு வருஷமாக வைத்திருந்ததைக் கொட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பக்கத்துக் கதவின் மெத்தையில், விரலை மடக்கி, மெதுவாகத் தட்டினார்.

ஒரு தட்டு. அவ்வளவுதான்.

எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் அந்தக் காலி ரோடு ஞாபகம் வந்தது. நியூட்ரல். வலது பக்கம், இடது பக்கம். விளையாட்டு என்று நான் கைகொட்டினேனே, பேரிங் போன சக்கரம் எது என்று கண்டுபிடிக்கும் வழியே அதுதான். வலது பக்கம் திருப்பினால் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும், கெட்டது அதுவானால் அப்போது ஊளை பெரிதாகும். அவருக்கு வியாழக்கிழமையே தெரியும். என்ன சத்தம் என்று தெரிந்தேதான் நான்கு அடுக்கு ஒட்டியிருக்கிறார்.

"டில்லி திங்கக்கிழமை வந்துடுவான்னு இருந்தேம்மா" என்றார் அப்பா. "மெதுவா ஓட்டிட்டா ரெண்டு நாள் தாங்கும்னு... அவளுக்குக் கேக்காம இருந்தா போதும்னு..." கதவின் மெத்தையைத் தடவினார். "நீ ரெண்டு தட்டினப்போ, பொய்னு தெரியும். உனக்குக் கேக்காம இருக்காது. சரி, இவளும் சேர்ந்துட்டான்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு பாரு, அதைத்தான் என்னால..."

பின் கதவு திறந்தது. தெருச் சத்தம் முழுவதும் அம்மாவோடு சேர்ந்து உள்ளே வந்தது. பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன, அப்பாவும் பொண்ணும் பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல எஸ்தரு" என்றார் அப்பா. "வண்டியில சத்தமே இல்லேன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. கேம்ப் ரோட்டில் அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது பல் ஆஸ்பத்திரி இருக்கிறது, டில்லி இறந்து ஆறு வருஷமாகிறது, அந்தக் கால்வாய்ச் சுவரின் மேல் நடைபாதை போட்டுவிட்டார்கள். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். அது ஒரு முனகல்கூட இல்லாமல் கிளம்பியது.

"ஜெபா, ஜன்னலை இறக்கும்மா" என்றாள் அம்மா பின்னாலிருந்து. "இப்படி அமைதியா இருந்தா எனக்குப் பயமா இருக்கு."